விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த அறிவிப்பு

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசித்து முடிந்தபின் பேச எழுபவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவையோரின் எண்ணத்தில் பாதி உணவுக் கூடத்தின் பக்கம் சென்றிருக்கும். போதாக்குறைக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்போ கார் நிறுத்தமும் அபராதமும். எனினும் செயலாளர் அவர்கள் என்னை வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள விளக்குக் கம்பத்தில், பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள் கட்டப்பட்டிருந்தது. நம் தெருவையும் அதை ஒட்டிய இரு தெருக்களையும் வாகனக் கட்டுப்பாட்டு வலயமாக்கக் கவுன்சில் கருதியுள்ளது என்றும், ஆட்சேபணை உள்ளவர்கள் 21 நாட்களுக்குள் காரணங்களுடன் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. 21 நாட்கள் என்றால் சரியாக மூன்று ஜும்ஆ. மூன்று வெள்ளிக்கிழமைகள் நூற்றுக்கணக்கானோர் அந்தக் கம்பத்தைக் கடந்து உள்ளே வந்தோம்; கடந்து வெளியே சென்றோம். ஒருவரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

இன்று அந்தத் தெருக்களில் திங்கள் முதல் வெள்ளி வரை பகல் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை குடியிருப்போரின் பெர்மிட் இல்லாத கார் நிற்கக் கூடாது. நாள் முழுவதும் தடையில்லை. அந்த ஒரு மணி நேரம் மட்டுமே. அதுவோ நம் ஜும்ஆவின் நேரம்! ஆணை நடைமுறைக்கு வந்த முதல் வெள்ளியன்று ஸலாம் கொடுத்து வெளியே வந்தவர்கள் கண்ட காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

"கவுன்சில் வேண்டுமென்றே நம்மைக் குறிவைத்தது" என்று பலர் கூறினர். நானும் அன்று அவ்வாறே எண்ணினேன். பின்னர் விசாரித்தபோது இது லண்டனின் வெளிவட்டப் பரோக்கள் பலவற்றில் உள்ள பழைய உத்தி என்று தெரிந்தது. காலையில் ரயில் நிலையத்தருகே காரை விட்டுவிட்டு நகரத்துக்கு வேலைக்குச் செல்வோர் மாலைவரை அதை எடுப்பதில்லை. அவர்களைத் தடுப்பதற்கு நாள் முழுவதும் காவல் வேண்டியதில்லை. நடுவில் ஒரு மணி நேரம் தடுத்தால் போதும். அந்த ஒரு மணி நேரம் காலை பத்தாகவும் இருக்கலாம், பதினொன்றாகவும் இருக்கலாம். பகல் ஒன்றாகவே இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை அந்த 21 நாட்களுக்குள் நம்மில் ஒருவர் எழுதியிருக்கலாம்.

சகோதரர்களே, இந்நாட்டில் கார் நிறுத்தத் தண்டத்தின் வரலாறு சுவையானது. பிரிட்டனில் முதல் பார்க்கிங் மீட்டர்கள் 1958-ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவப்பட்டன. 1960 செப்டம்பரில் டிராஃபிக் வார்டன்கள் லண்டன் தெருக்களில் இறங்கினர். அவர்கள் எழுதிய முதல் சீட்டு, மாரடைப்பு கண்ட ஒருவரைக் காக்க ஒரு ஹோட்டலுக்கு விரைந்து வந்த மருத்துவரின் காரில் ஒட்டப்பட்டது. தண்டம் 2 பவுண்டு. நாடே கூச்சலிட்டது, தண்டம் ரத்தாயிற்று. விதி, விதிவிலக்கு, மன்னிப்பு மூன்றும் முதல் சீட்டிலேயே ஒன்றாக வந்துவிட்டன.

அக்காலத்தில் இது காவல்துறையின் பொறுப்பு, குற்றவியல் குற்றம். 1991-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இதனைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துக் கவுன்சில்களின் கையில் ஒப்படைக்க வழி செய்தது. 1993-இல் தொடங்கி, 1994-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் லண்டனின் எல்லாப் பரோக்களும் இம்முறைக்கு மாறின. இன்று நடப்பில் உள்ளது 2004-ஆம் ஆண்டின் போக்குவரத்து மேலாண்மைச் சட்டம். கார் நிறுத்தம் பற்றிய அதன் பகுதி 2008 மார்ச் 31 முதல் அமலில் உள்ளது. ஆகவே, நாம் டிக்கெட் என்று கூறும் பெனால்ட்டி சார்ஜ் நோட்டீஸ், சுருக்கமாகப் பி.சி.என்., ஒரு குற்றப் பதிவு அன்று. செலுத்த வேண்டிய ஒரு கட்டணம். லைசென்ஸில் புள்ளி விழாது. இதைக் கேட்டு நிம்மதி அடையும் இளைஞர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஒருவரது வாசலை அடைத்து வழியை மறித்து நிற்பது இன்றும் காவல்துறை தலையிடக்கூடிய குற்றமே.

கட்டணம் எவ்வளவு? லண்டனில் 2025 ஏப்ரல் 7 முதல் 30 பவுண்டு உயர்த்தப்பட்டுள்ளது. ஏ பிரிவுப் பகுதிகளில் பெரிய மீறலுக்கு 160, சிறிய மீறலுக்கு 110. நம் தெருக்கள் அடங்கிய பி பிரிவில் 140, 90. பெர்மிட் இடத்தில் பெர்மிட் இன்றி நிற்பது, மஞ்சள் கோடு, நடைபாதை, வாசல் சரிவு ஆகிய யாவும் பெரிய மீறல்கள். பணம் செலுத்திய நேரத்தைத் தாண்டி நிற்பது சிறிய மீறல். 14 நாட்களுக்குள் செலுத்தினால் பாதி. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் 2008 முதல் அதே தொகைதான்: இடத்தைப் பொறுத்து 60, 40 அல்லது 70, 50. பர்மிங்ஹாம், லெஸ்டர் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் டிக்கெட் வாங்கியவர்கள் "அங்கே மலிவு" என்பதன் காரணம் இதுவே.

இனி, நம்மிடையே உலவும் சில தவறான எண்ணங்கள்.

"பத்து நிமிடம் சலுகை உண்டு" என்பது முதலாவது. உண்டு; 2015 ஏப்ரல் முதல் சட்டமாகவே உண்டு. ஆனால் அது அனுமதிக்கப்பட்ட இடத்தில் அனுமதிக்கப்பட்ட நேரம் முடிந்தபின் தரப்படும் பத்து நிமிடம். மஞ்சள் கோட்டில் அது இல்லை. தடை நேரத்தில் குடியிருப்போர் இடத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியவருக்கும் இல்லை. "ஸுன்னத் தொழுதுவிட்டு உடனே வந்துவிட்டேன்" என்று வார்டனிடம் வாதிட்டுப் பயனில்லை.

மஞ்சள் கோட்டில் ஆளை இறக்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். பொதுவாக இறக்கலாம், ஏற்றலாம். முதியவரைக் கைப்பிடித்து வாசலில் விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். உள்ளே சென்று இரண்டு ரக்அத் தொழுதால் அது இறக்கிவிடுதல் ஆகாது. நடைபாதை விளிம்புக் கல்லின் மேல் சிறிய மஞ்சள் வரிகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வரி இருந்தால் பலகையில் கண்ட நேரங்களில் சரக்கு ஏற்றி இறக்கக் கூடாது. இரண்டு வரி இருந்தால் எந்நேரமும் கூடாது. நோன்புக் கஞ்சிக்கு அரிசி மூட்டைகள் வரும் நாட்களில் நிர்வாகத்தார் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நடைபாதையில் இரு சக்கரத்தை ஏற்றி நிறுத்துவது லண்டனில் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தடை. பலகை வைத்து அனுமதித்த இடங்கள் மட்டும் விதிவிலக்கு. "தெருவை மறிக்காமல் நல்லெண்ணத்தோடு ஏற்றினேன்" என்பார்கள். பிள்ளை வண்டியோடு வரும் தாய் சாலையில் இறங்கி நடக்கிறாள் என்பதை அந்த நல்லெண்ணம் பார்ப்பதில்லை.

ப்ளூ பேட்ஜ் பற்றிச் சற்று வருத்தத்துடன் கூறுகிறேன். அது காருக்கு உரியதன்று; மனிதருக்கு உரியது. தந்தையார் வீட்டில் படுத்திருக்க, மகன் அவருடைய பேட்ஜை வைத்து ஜும்ஆவுக்கு வருவது குற்றம். 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். தந்தையாரே காரில் வந்தால், இங்கிலாந்தில் மஞ்சள் கோட்டில் கடிகார அட்டையை வைத்து மூன்று மணி நேரம் வரை நிற்கலாம். விளிம்புக் கல்லில் ஏற்றி இறக்கும் தடை இருந்தால் நிற்க முடியாது. ரீஜண்ட்ஸ் பார்க் பெரிய பள்ளிவாசலுக்குச் செல்வோர் மேலும் கவனிக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர், கென்சிங்டன் செல்சி, சிட்டி ஆஃப் லண்டன், காம்டனின் ஒரு பகுதி ஆகியவற்றில் இந்தச் சலுகைகள் முழுமையாகச் செல்லா. அவை தமக்கெனத் தனி விதிகள் வைத்துள்ளன.

அடுத்து, டிக்கெட் வந்துவிட்டால் செய்ய வேண்டியது. இங்கே என் அறியாமையின் விலையைச் சொல்கிறேன். உங்களுக்காவது அது பயன்படட்டும். 2019-இல் வேறொரு பரோவில் கட்டண இடத்தில் நேரம் தாண்டியதற்காக எனக்கு 60 பவுண்டு விதிக்கப்பட்டது. உடனே கட்டியிருந்தால் 30. "முறையிடலாம்" என்று மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன், மறந்தேன். அதற்கு முன்பே வீடு மாறியிருந்தேன். காரின் லாக் புக்கில் பழைய முகவரியே இருந்தது. 28 நாள் சென்றபின் கவுன்சில் வாகன உரிமையாளருக்கு அனுப்பிய நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போயிற்று. அதற்கும் பதில் இல்லாததால் தொகை பாதி கூடி 90 ஆயிற்று. அந்தக் கடிதமும் பழைய வீட்டுக்கே. பின்னர் நார்தாம்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க மையத்தில் கடனாகப் பதிவாயிற்று. ஒரு நாள் காலை ஃபஜ்ருக்குப் பிறகு சற்றுக் கண்ணயர்ந்த வேளையில் கதவைத் தட்டியவர்கள் பெயிலிஃப். அவர்களது கட்டணங்கள் 75-உம் 235-உம், பதிவுக் கட்டணமும் சேர, 30 பவுண்டில் முடிந்திருக்க வேண்டியது 400-ஐத் தாண்டியது. மனைவி மக்கள் முன்னிலையில் நின்று கட்டினேன்.

நோட்டீஸ் கைக்குக் கிடைக்காதவர், அதை உறுதிமொழி எழுதி அதே மையத்தில் தாக்கல் செய்தால் வழக்கைப் பின்னோக்கிக் கொண்டு செல்ல முடியும் என்பதையும், அதற்கு டி.இ. 9 என்னும் படிவம் உண்டு என்பதையும், காலம் கடந்தால் அனுமதி கேட்க டி.இ. 7 உண்டு என்பதையும் பணம் கட்டிய பிறகே அறிந்தேன். ஆனால் கவுன்சிலைக் குறை கூற எனக்கு வாயில்லை. லாக் புக்கில் முகவரியை மாற்றாதிருந்தது நானே. அதற்கும் 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இந்த அவையில் அண்மையில் வீடு மாறியவர்கள் இன்றிரவே லாக் புக்கை எடுத்துப் பாருங்கள்.

டிக்கெட் தவறானது என்று கருதினால் முதல் 14 நாட்களுக்குள் எழுதுங்கள், புகைப்படம் இணையுங்கள். அவ்வாறு எழுதியவருக்கு, மறுக்கும்போதும் பாதித் தொகைச் சலுகையைப் பெரும்பாலான கவுன்சில்கள் மீண்டும் தருகின்றன. பிறகு உரிமையாளர் நோட்டீஸ் வரும். அதற்கு முறைப்படி பதிலளிக்க 28 நாள். கவுன்சில் உங்கள் முறையீட்டுக்கு 56 நாட்களுக்குள் பதில் தராவிட்டால், அது ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். மறுத்தால், 28 நாட்களுக்குள் சுயேச்சையான தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். நமக்கு லண்டன் டிரிபியூனல்ஸ். வெளியூர்களுக்கு டிராஃபிக் பெனால்ட்டி டிரிபியூனல். கட்டணம் கிடையாது. ஆயினும் ஒன்று அறிக. தீர்ப்பாயத்தார் சட்டம் மீறப்பட்டதா, நடைமுறை சரியா என்றுதான் பார்ப்பர். "பிள்ளைக்குக் காய்ச்சல், ஜனாஸாவுக்கு விரைந்தேன்" போன்ற மனிதக் காரணங்களுக்காக அவர்கள் டிக்கெட்டை ரத்துச் செய்ய முடியாது. கவுன்சிலுக்குப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். மன்னிக்கும் அதிகாரம் கவுன்சிலிடம் உள்ளது. ஆதலால் அத்தகைய காரணங்களை முதல் கடிதத்திலேயே, சான்றுகளுடன், மரியாதையாக எழுத வேண்டும்.

சூப்பர் மார்க்கெட்டின் கார் நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஜும்ஆவுக்கு வருவோருக்கும் ஒரு சொல். அங்கே வரும் சீட்டின் சுருக்கமும் பி.சி.என். தான், ஆனால் அது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். கவுன்சிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நிலத்தை நிர்வகிக்கும் தனியார் நிறுவனம் ஒப்பந்த மீறலுக்காகக் கேட்கும் தொகை. "தனியார் டிக்கெட்டைக் கிழித்துப் போடலாம்" என்னும் பழைய அறிவுரை இன்று செல்லாது. 2015-இல் உச்ச நீதிமன்றம் பார்க்கிங் ஐ வழக்கில் 85 பவுண்டுக் கட்டணத்தைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதோடு, வாடிக்கையாளருக்கான இடத்தை நாம் நிரப்புவது நியாயமா என்பதை நம் மனச்சான்றிடமும் கேட்டுக்கொள்வோம்.

"இது கவுன்சிலின் பகற்கொள்ளை" என்போருக்கு ஒரு தகவல். தெருவோர நிறுத்தத்தில் கிடைக்கும் உபரியைக் கவுன்சில் விரும்பியபடி செலவிட முடியாது. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு அதைப் பெரும்பாலும் போக்குவரத்துப் பணிகளுக்கு வரையறுத்துள்ளது. 2013-இல் பார்னெட் பரோ தன் பெர்மிட் கட்டணங்களை வருமானம் கருதி உயர்த்தியது செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. வழக்குத் தொடர்ந்தவர் அப்பரோவில் வசித்த ஒரு குடிமகனே. வார்டன்களுக்கு எத்தனை சீட்டு எழுதினார்கள் என்று பார்த்து ஊக்கத்தொகை தரக்கூடாது என்றும் அரசின் வழிகாட்டுதல் கூறுகிறது. அவர்களிடம் குரலை உயர்த்தாதீர்கள். அந்தச் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு நம் ஸஃப்பில் வந்து நிற்பவரும் உண்டு. அவர் யாரென்று நான் கூறப்போவதில்லை.

இப்போது, நான் சொல்லத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன். வலயத்தைப் பற்றிய கவுன்சிலின் அறிக்கையைப் பின்னர் முழுவதுமாக வாசித்தேன். தெருவாசிகள் எழுதிய கருத்துகள், பெயர் நீக்கி, அதில் அச்சிடப்பட்டிருந்தன. ரயில் பயணிகளைக் குறை கூறியவர்கள் உண்டு. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் "வெள்ளிக்கிழமை" என்னும் சொல் இருந்தது. வாசல் அடைபட்டது பற்றி, இரட்டை வரிசை பற்றி, கேட்டால் "பத்தே நிமிடம்" என்று கையசைத்துவிட்டுப் போனவர்கள் பற்றி. ஒருவர் எழுதியிருந்தார், தம் வயதான தாயாரின் மருத்துவமனைச் சந்திப்பு தவறிவிட்டது என்று. அந்த வீடு எதுவென்று எனக்குத் தெரியும். அந்த வாசற் சரிவை ஒட்டி, இரண்டு அடிதானே மறைக்கிறது என்று, நானும் ஒரு முறை காரை விட்டிருக்கிறேன். அது அந்த நாளா, வேறு நாளா, நான் அறியேன்.

பாதையோரம் அமர்வோர் பாதைக்கு அதன் உரிமையைக் கொடுக்க வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. பிறருக்கு இடையூறு செய்யாதிருப்பது அவ்வுரிமைகளுள் ஒன்று. நம் இமாம் அவர்கள் இதை மிம்பரில் பலமுறை விளக்கியிருக்கிறார்கள். நான் கூட்ட வேண்டியதில்லை.

ஆகவே, பகல் ஒரு மணி என்று நேரம் குறித்ததில் நமக்கும் பங்கு உண்டு. ரயில் பயணிகளைத் தடுக்க எந்த மணியும் போதும். அந்த மணியைத் தேர்ந்ததில் அண்டை வீட்டார் சிலருக்கு மகிழ்ச்சி இருந்திருக்கும். அவர்களைக் குற்றம் சொல்ல என்னால் இயலவில்லை.

இந்த வாரம் பள்ளிக்குப் பின்புறமுள்ள தெருவில் மற்றோர் அறிவிப்பு கட்டப்பட்டுள்ளது. அங்கும் பகல் ஒன்று முதல் இரண்டு. இம்முறை செயலாளர் அவர்கள் அதைப் படம் பிடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ளார்கள். வரும் ஆட்சேபணைகளைக் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும். ஆணையை மாற்றியமைக்கவும் முடியும். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், ஒரு முடிவு சமயத்தவர் மீது ஏற்படுத்தும் விளைவை உரிய முறையில் கருத்தில் கொள்ளும் கடமையை அதன்மீது சுமத்தியுள்ளது. விலக்கு அளித்தே ஆக வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. எண்ணிப் பார்க்க வேண்டும் என்றே கூறுகிறது. எனவே "அநியாயம்" என்று மட்டும் எழுதாதீர்கள். வலயம் வேண்டாம் என்றும் எழுதாதீர்கள். அங்கே குடியிருப்போருக்கு அது தேவை. நேரத்தைக் காலை பத்து முதல் பதினொன்றாக மாற்றினால் ரயில் பயணிகளைத் தடுக்கும் நோக்கம் அப்படியே நிறைவேறும், ஜும்ஆவுக்கு வருவோரும் பாதிக்கப்படார் என்று எழுதுங்கள். உங்கள் சொந்த வார்த்தையில், உங்கள் பெயர் முகவரியுடன் எழுதுங்கள்.

அதற்கு ஈடாக நாம் தரவேண்டியதையும் நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. வரும் வெள்ளி முதல் இளைஞர் அணியினர் நால்வர் மஞ்சள் மேலங்கி அணிந்து தெரு முனைகளில் நிற்பர். வாசற் சரிவில் நிற்கும் காரின் எண் குத்பாவுக்கு முன் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். அது தலைவருடைய காராக இருந்தாலும் வாசிக்கப்படும் என்று அவரே கூறச் சொன்னார்கள். ஒரு காரில் ஒருவராக வருவோர் நால்வராக வர முயலுங்கள். பேருந்தில் வர முடிந்தவர்கள் பேருந்தில் வாருங்கள். அந்தத் தாயாரின் வீட்டுக்கு நானும் செயலாளரும் நாளை மாலை அஸருக்குப் பின் செல்ல இருக்கிறோம்.

கடிதத் தாள்களும் உறைகளும் காலணி அடுக்கின் அருகே மேசைமீது வைக்கப்பட்டுள்ளன. எழுதத் தயங்கும் முதியவர்களுக்கு மத்ரஸாவின் மூத்த மாணவர்கள் உதவுவர். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஆனால் வியாழன் இஷாவுக்கு முன் பெட்டியில் சேர்த்துவிடுங்கள், வெள்ளி காலை நானே கவுன்சில் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கிவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.